சோதனைத் துண்டு

மார்ச் 3

அன்புள்ள இன்ஸ்பெக்டருக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். எட்டு மாதமாக நீ அதைச் சொல்லவில்லை.

போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. நாலாவது வாக்கியத்தில் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வம்பு இல்லை. தப்பாக எழுதிவிட்டால் அடித்துவிட்டு மேலே போகலாம். நான் எட்டாவது பரீட்சை எழுதியதும் அப்படித்தான். அடித்தது போக மிச்சம் இருந்ததற்குத்தான் மார்க் போட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பிஸ்கட் ஜாயினர் வாங்க வேண்டும். நீ மரச்சாமான் ஃபாக்டரியில், அதுவும் செக்கிங்கில் இருப்பவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. அந்த மெஷின் பலகையின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம், அதாவது காடி, வெட்டும். எதிர்ப் பலகையிலும் அதே இடத்தில் இன்னொன்று. அமுக்கிச் செய்த மரச்சில்லைப் பசை தடவி நடுவே செருகினால், அது ஈரத்தில் ஊதி இரண்டு பலகையையும் பிடித்துக்கொள்ளும். சில்லுக்குத்தான் பிஸ்கட் என்று பெயர். கருவிக் கடைக்காரர் ஒரு பாக்கெட்டைப் பிரித்து வைத்தார். நான் கை நீட்டிய விதத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது டீயில நனைக்கிறது இல்லை" என்றார்.

கடையில் மூன்று காட்டினார். ஒன்று புதுசு, நல்ல கனம், முன்பக்கத் தகட்டைத் திருகினால் கல்லு மாதிரி நிற்கிறது. இரண்டாவது யாரோ வைத்திருந்து விற்றது. லேசாக இருக்கிறது, சுவிட்ச் அடிப்பக்கம் முழுக்க நீளமாக இருப்பதால் மொத்தக் கையாலும் சேர்த்து அமுக்கலாம், ஆனால் தகடு சற்று ஆடுகிறது. மூன்றாவது மெஷினே இல்லை, கல் வெட்டும் கிரைண்டரில் மாட்டுகிற ஒரு தலை. எனக்கு இரண்டாவதன் மேல்தான் கண்.

குச்சி வைத்து இணைக்கலாமே என்பாய். குச்சிக்கு ஓட்டை மயிரிழை தப்பக் கூடாது. பிஸ்கட் இரண்டு மில்லி அப்படி இப்படி நகர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்கிறார் கடைக்காரர். வீட்டில் பொறுத்துக்கொள்கிற சாமான் ஒன்றாவது இருக்கட்டும்.

செய்யப்போவது மேசை. ஐந்து பலகையை ஒட்டி மேல்பாகம், கீழே நாலு கால். உங்கம்மா சமையலறை ஜன்னலோரம் போட இருபது வருஷமாகக் கேட்ட மேசைதான். கேட்கும்போதெல்லாம், "நான் நாள் பூரா லிஃப்டுல நின்னே பொழைக்கிறேன், உனக்கு உட்கார்ந்து காய் நறுக்கணுமா" என்று சொல்லிச் சிரிப்பேன். போன டிசம்பரோடு ரிட்டயர் ஆகிவிட்டேன். முப்பத்தோரு வருஷம் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருந்த மனுஷனைக் கடைசியில் தரைத்தளத்தில் இறக்கிவிட்டார்கள். இப்போது நேரம் கிடக்கிறது.

எதை வாங்கட்டும்? எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

அப்பா


மார்ச் 12

அப்பாவுக்கு,

இன்ஸ்பெக்டர் என்று எழுதாதீர்கள். மெஷினைக் கேட்டீர்கள், அதற்கு மட்டும் பதில்.

கிரைண்டர் தலை வேண்டவே வேண்டாம். இரண்டாவதும் வேண்டாம். இந்த மெஷினில் மோட்டார் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், நீங்கள் காசு கொடுப்பது முன்பக்கத் தகட்டுக்கு. அது பிளேடுக்கு இணையாக நிற்க வேண்டும், இறுக்கிய பிறகு அசையக் கூடாது. ஆடுகிற தகட்டில் ஒவ்வொரு காடியும் ஒவ்வொரு உயரத்தில் விழும், பலகைகள் படிக்கட்டு மாதிரி சேரும். கனமானதையே வாங்குங்கள். கனம் இருந்தால்தான் மெஷின் துள்ளாது.

எந்தப் பக்கம் மேலே வரும் என்று ஐந்து பலகையிலும் பென்சிலில் குறித்துவிட்டுத் தகட்டை அந்தப் பக்கத்தில் மட்டும் பொருத்துங்கள். பிஸ்கட் இருபதாம் நம்பர் அளவு போதும். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், காற்றிலிருக்கும் ஈரமே அதற்குப் போதும்.

ஒன்று புரியவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது குச்சி வைத்தே எனக்கு ஒரு ஸ்டூல் செய்தீர்கள். பதினாறு ஓட்டை, ஒன்றுகூடத் தப்பவில்லை. இங்கே என் அறையில்தான் இருக்கிறது, இன்றைக்கும் ஆடவில்லை. அதைச் செய்தவருக்கு ஏன் பொறுத்துக்கொள்கிற சாமான் தேவைப்படுகிறது? ஏன் லேசான மெஷின்?

பலகை ஏது?

அம்மா கேட்ட மேசையை அம்மா இருக்கும்போது செய்திருக்கலாம்.

மகள்


மார்ச் 21

அன்புள்ள மகளுக்கு (இன்ஸ்பெக்டர் பதவியிலிருந்து விலகியவருக்கு),

உன் கடிதத்தைக் கடைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "பொண்ணு சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க" என்றார். அதன் பிறகு நான் இரண்டாவதைத்தான் வாங்கினேன். திட்டாதே. கனமானதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், அது என்னைத் தூக்கிப் பார்ப்பது போல இருந்தது. ஆடுகிற தகட்டுக்கு நடுவே ஒரு வாஷர் கொடுத்து இறுக்கியிருக்கிறேன்.

முதல் அனர்த்தம்: டப்பா கிடைக்கவில்லை என்று பிஸ்கட் பாக்கெட்டைக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டேன். நான் தினமும் வெந்நீரில் குளிக்க, அவையும் கூடவே குளித்து ஊதிவிட்டன. ஒன்றுகூடக் காடிக்குள் போகவில்லை. சுத்தியலால் தட்டினேன். பலகை ஓரத்தில் கொஞ்சம் பிளந்தது. இப்போது புதுப் பாக்கெட் அரிசி டப்பாவில் இருக்கிறது, அரிசி குளியலறையில் இல்லை, பயப்படாதே.

இரண்டாவது அனர்த்தம்: முதல் இரண்டு பலகையை ஒட்டியதில் நடுவே ஒரு படி விழுந்திருக்கிறது. டம்ளரை நகர்த்தினால் தடுக்கும். நானோ இப்போது பாதி டம்ளர்தான் ஊற்றிக்கொள்கிறேன், டயட். அதனால் சிந்தாது. உடம்பு இளைத்து, பித்தான் வைத்த சட்டையெல்லாம் விட்டுவிட்டு டீ-ஷர்ட் போட்டுத் திரிகிறேன். தெருவில் பார்த்தால் உன் தம்பி என்று நினைப்பாய்.

பலகை ஏது என்று கேட்டிருந்தாய். நம் கட்டில்தான். அது இரண்டு பேருக்குச் செய்தது, ஒரு ஆள் படுத்தால் ஒரு பக்கமே சாய்கிற மாதிரி இருக்கிறது. கழற்றிவிட்டேன். நல்ல தேக்கு, ஐந்து பலகை. நான் பாயில் படுக்கிறேன், முதுகுக்கு நல்லதாம்.

அப்பா


மார்ச் 29

அப்பாவுக்கு,

கட்டிலைக் கழற்றுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மா கடைசியாக வீட்டில் இருந்த நாலு மாதமும் அதில்தான் சுருண்டு கிடந்தார்கள். தலைமாட்டில் நின்றது நான்.

இதையும் எழுதிவிடுகிறேன், போனில் சொன்னால் முடிக்க விட மாட்டீர்கள். அம்மா ஏழு மாதமாக வயிற்று வலி என்று சொன்னார்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று நானும் இங்கிருந்து வரும்போதெல்லாம் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உன் சமையலை நீயே சாப்பிட்டா அப்படித்தான்." ஒவ்வொரு தடவையும் அதே. கடைசியில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்று சொன்னார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸிடமும் அதே ஜோக்கைச் சொன்னீர்கள். அந்தப் பெண் சிரித்தாள். உள்ளே அம்மாவுக்குக் கேட்டது. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்த மறுநாள் நான் கிளம்பியது அதற்காகத்தான். வேலைக்கு லீவு இல்லை என்று சொன்னது பொய்.

மேசையை இனிமேல் ஒட்ட வேண்டாம். உபயோகமில்லாத துண்டு ஒன்றில் ஒரே ஓரத்தில் ஆறு காடி வெட்டி, ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். புது மெஷின் வந்தால் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். உப்புத்தாள் போட்டு அழகு பண்ண வேண்டாம். வெட்டியபடியே அனுப்புங்கள்.

மகள்


ஏப்ரல் 6

மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அதனால் மரத்துக்குப் பதில் மரமாகவே அனுப்பிவிடுகிறேன்.

துண்டு இத்துடன் இருக்கிறது. ஆறு காடி. முதல் இரண்டைப் பெருமையோடு காட்டலாம். மற்ற நாலைப் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடு. தபால் அலுவலகத்தில் "உள்ளே என்ன" என்று கேட்டார்கள். ஓட்டை என்றேன். ஓட்டைக்கு இவ்வளவு எடையா என்று வாங்கிக்கொண்டார்கள்.

பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும். நீ சொன்னது சரி, புதிதையே வாங்கியிருக்க வேண்டும். நாலு பலகை ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது, உன் கடிதம் வருவதற்குள்.

அப்பா


ஏப்ரல் 14

அப்பாவுக்கு,

துண்டு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் செக்கிங் பெஞ்சில் வைத்து ஆறையும் அளந்தேன்.

பிளேடின் கனம் நாலு மில்லி. உங்கள் முதல் காடி நாலு. இரண்டாவது நாலே கால். மூன்றாவது வாய் மட்டும் ஐந்து, உள்ளே நாலு. நாலாவது இடதுபக்கம் மேலே ஏறியிருக்கிறது. ஐந்தாவது வலதுபக்கம் கீழே இறங்கியிருக்கிறது. ஆறாவதில் பிளேடு மரத்தைத் தொட்டுவிட்டு விலகி, மறுபடி வேறு இடத்தில் நுழைந்திருக்கிறது.

பக்கத்து பெஞ்சுக்கார அக்காவிடம் யாருடையது என்று சொல்லாமல் காட்டினேன். அவர் இருபத்தாறு வருஷம் இதே வேலை பார்ப்பவர். விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "மெஷின்ல கோளாறுன்னா ஆறும் ஒரே மாதிரி தப்பா இருக்கும். இது ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி. மெஷினை விடு, ஆளைப் பாரு" என்றார்.

பித்தான் வைத்த சட்டை போடுவதில்லை. டம்ளரில் பாதிதான் ஊற்றுகிறீர்கள். லேசான மெஷின், மொத்தக் கையால் அமுக்குகிற சுவிட்ச். பேனாவைத் திட்டச் சொன்னீர்கள். பதினாறு ஓட்டை தப்பாமல் போட்ட கை, ஆறு காடி போடுவதற்குள் இப்படி ஆகிறது. எப்போதிலிருந்து?

அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றுகிற பிளேடு, உங்கள் ஜோக்கைக் கேட்டுக்கொண்டு நிற்காது. டாக்டரிடம் போங்கள்.

அம்மா விஷயத்தில் சிரித்தே கடத்தினீர்கள். இதையும் அப்படிக் கடத்தினால் நான் இன்னொரு தடவை ஆஸ்பத்திரியில் வந்து நிற்க மாட்டேன். எனக்கு ஒரே ஒரு கடிதம் வேண்டும், சிரிக்காமல் எழுதினது. அது வந்தால் நான் வருகிறேன். வராவிட்டால் எழுதுவதை நிறுத்திக்கொள்வோம்.

மகள்


ஏப்ரல் 20

மகளுக்கு,

நலம். கையைப் பற்றிப் பெரிசாக ஒன்றும் இல்லை, முப்பத்தோரு வருஷம் ஒரே பொத்தானை அமுக்கின விரல் இப்போது வேலை இல்லாமல் தானே ஆடிப் பார்க்கிறது, பென்ஷன் கேட்கிறது போலிருக்கிறது. பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், வீடே நடுங்கும்போது நான் மட்டும் நடுங்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. மழை பெய்தது. டாக்டர்கள் எல்லாம் இப்போது ரொம்பச் சின்னப் பிள்ளைகளாக இருக்கிறார்கள், ஊசி போட்டால் நான்தான் மிட்டாய் கொடுக்க வேண்டியிருக்கும். உன் பெஞ்சுக்கார அக்காவுக்கு என் வணக்கம், ஜோசியமும் பார்ப்பாரா என்று கேள்.

அப்பா


ஏப்ரல் 27

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தேறாத சாமானில் எங்கெங்கே கோளாறோ அங்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு, செய்தவருக்கே திருப்புவது எங்கள் செக்கிங்கில் வழக்கம். இதில் நாலு வட்டம் இருக்கிறது.

வட்டத்துக்கு வெளியே மிஞ்சியது இவ்வளவுதான்: நலம். மழை பெய்தது. அப்பா.

மகள்


மே 9

மகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். அடித்திருக்கிற இடமெல்லாம் ஜோக்கு. வேறு தாளில் நகல் எடுக்கலாம் என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெட்டியபடியே அனுப்பச் சொன்னவள் நீ.

வலது கை இரண்டரை வருஷமாக நடுங்குகிறது. முதலில் கட்டைவிரல் மட்டும். லிஃப்டில்தான் தெரிந்தது. ஆறை அமுக்கப் போய் விரல் ஏழில் விழும். "ஒரு மாடி இலவசம்" என்பேன், ஏறினவர்கள் சிரிப்பார்கள். இதுவும் அடிக்க வேண்டிய வரிதான். ஆனால் நடந்தது, அதனால் விட்டுவைக்கிறேன்.

உங்கம்மாவுக்குத் தெரியும். யூனிஃபார்ம் பித்தானைத் தினமும் அவள்தான் போட்டுவிட்டாள். போட்டுவிட்டுக் காலரை ஒரு தடவை இழுத்துவிடுவாள்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வயிற்று வலி வந்த முதல் மாதமே அவள் என்னிடம் சொன்னாள். "உங்க கையையும் காட்டிடலாம், என் வயித்தையும் காட்டிடலாம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம்." வெளியே போகிற பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுதான் சொன்னாள்.

எனக்கு ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம்கூட இல்லை. கையைக் காட்டினால் சீட்டு எழுதுவார்கள், சீட்டு ஆபீசுக்குப் போகும், அன்றைக்கே இறக்கிவிடுவார்கள் என்று பயம். அவள் தனியாகவும் போக மாட்டாள், போனால் என்னையும் இழுத்துக்கொண்டுதான் போவாள். அதனால் அந்தச் சமையல் ஜோக்கைச் சொன்னேன். அவளைச் சிரிக்கவைக்கச் சொல்லவில்லை. போகாமல் இருக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டாள். அதையே சொன்னேன்.

வராந்தாவில் நர்ஸிடம் ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வேறு எதுவும் இல்லை. உள்ளே உங்கம்மாவுக்குக் கேட்டிருக்கும் என்று எனக்கும் தெரியும்.

நீ அவளுக்காக என்மேல் கோபப்பட்டாய். நீ நினைத்ததைவிட நான் செய்தது அதிகம். அதைச் சொல்லாமல் உன்னை வரச் சொல்லக் கூடாது என்றுதான் இதை எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனேன். ஒரு தாளில் சுருள் போடச் சொன்னார். உள்ளேயிருந்து வெளியே போட வேண்டும். போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து என்று கேட்டார். நீ கேட்ட அதே கேள்வி. இரண்டரை வருஷம் என்றேன். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இது போகாதாம், மாத்திரையில் கொஞ்சம் மெதுவாக்கலாமாம். அந்தச் சீட்டையும் சுருள் போட்ட தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீ அளந்து பார்.

மெஷினைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். மேசை அப்படியே கிடக்கிறது. நாலு பலகை ஒட்டியிருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். ஐந்தாவதில் ஒரு காடிகூட வெட்டவில்லை. அது அவள் படுத்த பக்கத்து ஓரம், அதன்மேல் மெஷினை வைக்க மனசு வரவில்லை. சமையலறை ஜன்னலோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

நான் தனியாக இருக்கிறேன். பயமாக இருக்கிறது.

இதில் சிவப்பு வட்டம் போட ஏதாவது இருந்தால் போட்டுக்கொள். தபாலில் மட்டும் திருப்பி அனுப்பாதே. கையோடு கொண்டு வா.

அப்பா